கவுனும் கூறையும்: கல்யாண உடை கடைசி வாரத்தில் ஏன் காலை வாருகிறது?

பக்கத்து வீட்டு ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. மகள் வேலையிலிருந்து திரும்பும்வரை எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து டிவி பார்ப்பார். ஒரு சாயங்காலம் ‘ஃபிரெண்ட்ஸ்’ ஓடிக்கொண்டிருந்தது. திரையில் மூன்று பெண்கள், மூவரும் தரை புரளும் வெள்ளைக் கவுனில், சோபாவில் சாய்ந்து பீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆயா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“மூணு பேருக்கும் இன்னைக்கா கல்யாணம்?”

இல்லை ஆயா, ஒருத்திக்கும் இல்லை என்றேன்.

“அப்புறம் எதுக்கு இந்த உடுப்பு?”

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. மதுரைப் பக்கமிருந்து கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள் நான். இங்கே, இந்தியர்கள் நிறைய வாழும் சட்ஸ்வொர்த் பகுதியில், எத்தனையோ கல்யாணங்களில் பெண்ணுக்குப் புடவை கட்டிவிட ஊக்கு டப்பாவோடு நின்றிருக்கிறேன். அமெரிக்க சிட்காம்களையும், அதாவது அரை மணி நேர நகைச்சுவைத் தொடர்களையும், கூச்சமில்லாமல் பார்த்துத் தீர்த்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்த பிறகுதான் ஆயாவின் கேள்வி எவ்வளவு சரியானது என்று புரிந்தது. கல்யாணமே நடக்காத ஒரு எபிசோடுக்குக் கல்யாண உடை எதற்கு?

முதலில் அந்த எபிசோடையே எடுத்துக்கொள்வோம். 1998 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பானது, நான்காவது சீசன். ராஸுக்கும் எமிலிக்கும் லண்டனில் கல்யாணம். மணப்பெண் இங்கிலாந்தில் இருக்கிறாள், அவள் உடை நியூயார்க் கடையில் கிடக்கிறது. அதைப் போய் வாங்கி வைக்கும்படி நாத்தனார் மோனிகாவிடம் சொல்கிறாள். வாங்கி வந்த மோனிகா, சும்மா ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமே என்று போடுகிறாள். போட்டதைக் கழற்ற மனம் வரவில்லை. கவுனோடு நின்று பாத்திரம் தேய்க்கிறாள். பார்த்த தோழி ஃபீபிக்கு ஆசை வந்து தனக்கொன்று வாடகைக்கு எடுக்கிறாள், அப்புறம் ரேச்சலும். கடைசியில் கதவு தட்டும் சத்தம் கேட்டு ரேச்சல் கல்யாணக் கோலத்திலேயே திறக்க, வெளியே நிற்பது அவள் காதலன் ஜோஷுவா. ஏற்கெனவே கல்யாணப் பேச்சைக் கேட்டு மிரண்டிருந்தவன் அதோடு ஓட்டம்.

இதில் உடைக்கு என்ன ஆகிறது? ஒன்றும் ஆகவில்லை. கிழியவில்லை, கறை படவில்லை, அளவு தப்பவில்லை. உடைக்குள் இருக்க வேண்டியவள் இல்லை, வேறொருத்தி இருக்கிறாள். மொத்தச் சிரிப்பும் அவ்வளவுதான்.

அதே தொடரில் மூன்று வருடம் கழித்து, 2001 மார்ச் 15 அன்று, இன்னொரு உடை எபிசோடு. இந்த முறை மோனிகாவுக்கே கல்யாணம். விலை உயர்ந்த கடையில் பிடித்த கவுனைப் போட்டுப் பார்த்துவிட்டு, அதையே புரூக்ளினில் ஒரு தள்ளுபடி விற்பனையில் வாங்கத் திட்டம் போடுகிறாள். அந்த விலை உயர்ந்த கடையில் சந்தித்த இன்னொரு மணப்பெண்ணிடம் அந்த விற்பனையைப் பற்றி வாய் தவறிச் சொல்லியும்விடுகிறாள். விற்பனை நாளில் ஒரே கவுனை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து இழுக்கிறார்கள். மோனிகா ஜெயிக்கிறாள். தோற்றவள் சும்மா இருப்பாளா? மோனிகாவைக் கட்டிக்கொள்ளப்போகும் சாண்ட்லர் ஆசைப்பட்ட இசைக்குழுவை அதே தேதிக்குத் தனக்குப் பதிவு செய்துகொண்டு, கவுனைக் கொடு, குழுவை விடுகிறேன் என்கிறாள். மோனிகா கடைசியில் கவுனைக் கொடுத்துவிடுகிறாள்.

அந்த அடிதடி எழுத்தாளர்களின் கற்பனை மட்டும் இல்லை. பாஸ்டனில் ஃபைலீன்ஸ் பேஸ்மென்ட் என்ற கடை 1947இலிருந்தே கல்யாணக் கவுன்களுக்குத் தள்ளுபடி விற்பனை நடத்தியது. கதவு திறந்ததும் பெண்கள் ஓடிவந்து கைக்குக் கிடைத்ததை அள்ளிக்கொண்டு, பிறகு தங்களுக்குள் பண்டமாற்று செய்துகொள்வார்கள். அதற்கு ‘மணப்பெண்களின் ஓட்டம்’ என்றே பெயர் வந்துவிட்டது. நம்மூர் ஆடித் தள்ளுபடியில் நின்றவர்களுக்கு இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

சரி, ஏன் ஏப்ரலிலும் மார்ச்சிலும்? இதில்தான் தொழில் ரகசியம் இருக்கிறது. அமெரிக்கச் சேனல்களின் சீசன் செப்டம்பரில் தொடங்கி மே மாதம் முடியும். இருபத்துச் சொச்சம் எபிசோடு. மே மாதம் பார்வையாளர் கணக்கெடுப்பு நடக்கும், விளம்பர விலை அதை வைத்துத்தான். அதனால் கல்யாணம் மாதிரியான பெரிய சரக்கு மே மாதத்துக்கு. லண்டன் கல்யாணம் 1998 மே 7, மோனிகா கல்யாணம் 2001 மே 17. சீசன் நடுவில் கல்யாணத் தேதி குறித்துவிட்டால், மே வரை வாரா வாரம் எதையாவது காட்டி ஆக வேண்டும். மோதிரம், பாட்டுக்குழு, தோழிப்பெண் யார், உறுதிமொழியை எப்படி எழுதுவது, அந்த வரிசையில் உடை. கல்யாண வீட்டில் பந்தல்கால் நட்ட பிறகு ஆளுக்கொரு வேலை கிளம்புவது போலத்தான்.

ஆனால் வரிசையில் உடைக்கு மட்டும் தனி மரியாதை. காரணம் காசு. இந்த மாதிரித் தொடர்கள் பெரும்பாலும் ஒரே அரங்கில், எதிரே பார்வையாளர்களை உட்கார வைத்து, மூன்று நான்கு கேமராவில் எடுக்கப்பட்டவை. 1951இல் ‘ஐ லவ் லூசி’ போட்ட பாதை அது. அந்த அரங்கில் நிரந்தரமாக இருப்பது ஒரு வரவேற்பறை, ஒரு சமையலறை, ஒரு காபிக்கடை. கல்யாண மண்டபத்தை அங்கே கொண்டுவர முடியாது. தேவாலயம் வேண்டும், விருந்தாளிகளாக நூறு துணை நடிகர்கள் வேண்டும். ஒரு கவுனைக் கொண்டுவந்து சோபாவில் போடலாம். கல்யாணத்தின் மொத்தப் பரபரப்பும் வரவேற்பறைக்குள் வந்துவிடும், செலவு ஒரு துணி. இருபத்திரண்டு நிமிடத்தில் இரண்டு மூன்று கதை சொல்லி முடிக்க வேண்டிய எழுத்தாளருக்கு இதைவிடச் சல்லிசான வரம் கிடையாது.

இன்னொன்று, கவுன் தானாகவே சிரிப்பு மூட்டும் உருவம். உட்காரத் தெரியாது, கதவில் நுழையாது, எங்கே போனாலும் ‘நான் கல்யாணப்பெண்’ என்று கத்திக்கொண்டே போகும். 1974 அக்டோபர் 28 அன்று ‘ரோடா’ தொடரில் நாயகிக்குக் கல்யாணம். காரில் கூட்டிப்போக வேண்டிய தோழி மறந்துபோகிறாள். ரோடா முழுக் கல்யாண உடையில் நியூயார்க் சுரங்க ரயிலைப் பிடித்து பிராங்க்ஸ் போகிறாள். ஐந்து கோடிப் பேருக்கு மேல் அதைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். ‘ஃபிரெண்ட்ஸ்’ தொடரே 1994 செப்டம்பர் 22 அன்று நனைந்த கவுனோடு ரேச்சல் காபிக்கடைக்குள் ஓடிவரும் காட்சியில்தான் தொடங்கியது. கட்டிக்கொள்ள வேண்டியவனை விட்டுவிட்டு ஓடி வந்தவள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, உடை சொல்லிவிட்டது.

மாப்பிள்ளைகளுக்கும் இது நடக்கும். 2014 மே மாதம் ‘மாடர்ன் ஃபேமிலி’ தொடரின் கல்யாணத்தில் மாப்பிள்ளை கேமின் கோட்டு பூட்டிய சலவைக்கடைக்குள் மாட்டிக்கொள்ளும். ஆனால் கோட்டு என்றால் இன்னொன்று வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று பார்க்கிறவருக்குத் தோன்றிவிடும். கவுனில் அப்படித் தோன்றாது. அது ஒருத்தியின் உடம்புக்கென்று மாதக்கணக்கில் காத்திருந்து வருவது. வெள்ளை என்பதும் ஆதிகாலத்து வழக்கம் இல்லை. விக்டோரியா ராணி 1840 பிப்ரவரி 10 அன்று வெள்ளைப் பட்டில் கல்யாணம் செய்துகொண்ட பிறகு மெல்ல மெல்லப் பரவியது. வெள்ளையில் காபி சிந்தினால் ஊருக்கே தெரியும் என்பது சிட்காமுக்கு ராணி கொடுத்த சீதனம்.

இத்தனை உடைக் கதைகளையும் அடுக்கிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. சிக்கல் துணியில் இல்லை, துணி கை மாறும் இடத்தில் இருக்கிறது. கடையிலிருந்து நாத்தனார் கைக்கு, ஒரு மணப்பெண்ணிடமிருந்து இன்னொரு மணப்பெண்ணுக்கு, சலவைக்கடையிலிருந்து வீட்டுக்கு. கவுன் யாருடையது என்பதில் மட்டும் அங்கே சந்தேகமே வராது: பெண் பார்த்தது, பெண் எடுத்தது, பெண்ணுடையது. அதை வேறு கை தொட்டால் கதை.

டர்பனுக்கு வருவோம். இங்கே டிவியே 1976 ஜனவரியில்தான் வந்தது. நிறவெறி ஆட்சிக்கு எதிராக பிரிட்டிஷ் நடிகர் சங்கம் தன் உறுப்பினர்கள் நடித்த நிகழ்ச்சிகளை இந்த நாட்டுக்கு விற்க விடவில்லை. அந்த இடத்தை நிரப்பியவை பெரும்பாலும் அமெரிக்கத் தொடர்கள். அதனால் சட்ஸ்வொர்த்து வீடுகளில் மாரியம்மன் படத்துக்குப் பக்கத்திலேயே அமெரிக்க வரவேற்பறையும் பழகிய இடமாகிவிட்டது. என் வயதுப் பெண்களுக்கு ரேச்சலும் மோனிகாவும் ஒன்றுவிட்ட அக்காமார் மாதிரி.

ஆனாலும் அந்தக் கதையை அப்படியே தூக்கி இங்கே வைத்தால் நிற்காது. புடவைக்கு அளவு ஏது? ஐந்தரை மீட்டர் துணி, மெலிந்தவளுக்கும் பருத்தவளுக்கும் ஒன்றுதான். மடிப்பு நாலு கூடும் அல்லது குறையும். மோனிகா மாதிரி ஆசைக்குக் கட்டிப் பார்த்துவிட்டு மடித்து வைத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. புடவையோடு பாத்திரம் தேய்ப்பதிலும் பஸ் ஏறுவதிலும் என்ன சிரிப்பு இருக்கிறது, அதைத்தான் நம் பாட்டிமார் எல்லோரும் செய்தார்கள். புடவை அவிழ்ந்தால் வேண்டுமானால் சிரிக்கலாம், ஆனால் அது மானப் பிரச்சினை, அதில் யாரும் நகைச்சுவை தேடுவதில்லை.

அப்படியானால் தமிழ்க் கல்யாணத்தில் உடைச் சிக்கலே வராதா? வராமல் என்ன. ரவிக்கையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கவுனுக்கு இருக்கிற எல்லாக் குணமும் ரவிக்கைக்கு இருக்கிறது. ஒரு உடம்புக்கு மட்டுமே பொருந்தும், வெட்டினால் ஒட்டாது, கடைசி நாளில் இன்னொன்று கிடைக்காது. கூடவே ஒரு வில்லங்கம்: ரவிக்கைத் துணி புடவையின் ஒரு நுனியிலேயே சேர்த்து நெய்யப்பட்டிருக்கும், சுமார் எண்பது சென்டிமீட்டர். அதை நறுக்கி எடுத்துத்தான் தைக்க வேண்டும். முகூர்த்தப் புடவையை எடுத்துக் கொடுப்பதோ மாப்பிள்ளை வீடு.

கவனித்துப் பாருங்கள். பெண் தன் வீட்டார் எடுத்த புடவையில் மணவறைக்கு வருகிறாள். தாலிக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுக் கூறையைத் தாம்பாளத்தில் வைத்து, பெரியவர்கள் எல்லோரும் தொட்டு ஆசீர்வதித்து, அவள் கையில் கொடுக்கிறார்கள். உள்ளே போய் மாற்றிக்கொண்டு வர வேண்டும். சபை காத்திருக்கும், ஐயர் கடிகாரம் பார்ப்பார், மாப்பிள்ளை புகைக்கு நடுவே கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த அறைக்குள் ஊக்கோடு நின்றவர்களைக் கேட்டால் தெரியும், உலகத்திலேயே வேகமாக ஓடும் பதினைந்து நிமிடம் அது. முறைப்படி அந்தப் புடவை அந்த நிமிடம்தான் அவளுக்குச் சொந்தமாகிறது. ஆனால் அதற்கான ரவிக்கை ஒரு மாதம் முன்பே தைத்துத் தயாராக இருக்க வேண்டும்! இன்னும் கொடுக்கப்படாத புடவையிலிருந்து துணியை வெட்டி அனுப்ப வேண்டும். எப்போது வெட்டுவது, யார் வெட்டுவது, எந்தத் தையல்காரரிடம் போவது, கழுத்து எவ்வளவு இறக்கம், ஆரி வேலைக்கு யார் காசு? இருவீட்டுக் கல்யாணப் பேச்சும் கடைசியில் இந்த எண்பது சென்டிமீட்டரில்தான் வந்து முட்டும்.

ஆகவே இங்கே உடைக்கதையின் நாயகி மணப்பெண் இல்லை. சம்பந்திகள். சட்ஸ்வொர்த்திலிருந்து வந்து நாடு முழுக்க ஓடிய ‘கீப்பிங் அப் வித் த கந்தசாமீஸ்’ படத்திலும் (2017), இரண்டு வருடம் கழித்து வந்த அதன் கல்யாணப் பாகத்திலும் கதையைத் தூக்கி நிறுத்துவது காதலிக்கிற பிள்ளைகள் அல்ல, முட்டிக்கொள்ளும் இரண்டு அம்மாக்கள். சொந்த ஊர்ச் சிரிப்பு எங்கே கிடக்கிறது என்று அந்தப் படக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு புடவைக்கு இவ்வளவு மல்லுக்கட்டா என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். நானும் வந்த புதிதில் கேட்டேன். இந்த ஊரில் புடவை எப்படி வந்தது என்று தெரிந்த பிறகு கேட்பதை விட்டுவிட்டேன்.

சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 342 பேரோடு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பங்கு சென்னை மாகாணத்துத் தமிழரும் தெலுங்கரும். கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள் பெட்டி நிறையப் பட்டு கொண்டுவரவில்லை. அவர்கள் செய்துகொண்ட கல்யாணமே செல்லுமா என்ற கேள்வியும் ஒரு நாள் வந்தது. 1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல், கிறித்தவ முறைப்படி நடக்காத, பதிவும் ஆகாத திருமணங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தார். அந்த வருடச் சத்தியாகிரகத்தில் பெண்கள் இறங்கியதற்கு இதுவும் பெரிய காரணம். சிறைக்குப் போய் நோயோடு திரும்பி, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்துபோன தில்லையாடி வள்ளியம்மையை நம் பாடப்புத்தகங்களில் படித்திருக்கிறோம். அந்த வருடமே வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் நம் முறைக் கல்யாணங்களை ஏற்றுக்கொண்டது. இங்கே தாலியையும் கூறையையும் ஊரறியக் கொடுப்பதில் இன்னும் ஒரு பிடிவாதம் இருக்கிறதென்றால், எனக்கென்னவோ அதன் வேர் அங்கே இருப்பதாகப் படுகிறது.

அடுத்து வந்தது வணிகத் தடை. இங்கே இந்தியர்களை நடத்தும் விதத்தைக் கண்டித்து இந்தியா 1946இல் தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முறித்துக்கொண்டது. உலகத்திலேயே முதலில் செய்த நாடு. பெருமையான விஷயம்தான், சந்தேகமில்லை. ஆனால் அதன் பாரம் இங்கே கல்யாண வீட்டிலும் கொஞ்சம் விழுந்தது. காஞ்சிபுரத்துப் பட்டு நேர்வழியில் டர்பனுக்கு வர முடியாது என்று ஆகி, 1993இல் இரு நாடும் மறுபடி உறவு தொடங்கும்வரை நாற்பது வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. கிரே தெருவில், இப்போது டாக்டர் யூசுஃப் தாது தெரு, புடவைக்கடைகளுக்குக் குறைவில்லை. சரக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம். ஆயாவுக்கு அறுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணம். அவர் கூறையை ஒரு நாள் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். ரோஜா நிறத்தில் வழுவழுவென்று ஜார்ஜெட், ஜப்பானில் நெய்தது. “இந்தியாப் பட்டு நான் சினிமாவுலதான் பார்த்தேன்” என்றார்.

இன்று நிலைமை தலைகீழ். வாட்ஸ்அப்பில் தி.நகர் கடைக்காரர் புடவையை விரித்துக் காட்டுகிறார், இங்கே சம்பந்திகள் இருவரும் ஆளுக்கொரு போனில் பார்த்து ஆளுக்கொரு நிறத்தைச் சொல்கிறார்கள். வசதி உள்ளவர்கள் நேரில் போய் எடுத்து வருகிறார்கள். பார்சலில் வந்தால் சுங்கம் உண்டு. தைத்த ஆடைக்கு இந்த நாட்டில் இறக்குமதி வரி 45 சதவீதம், அதற்கு மேல் 15 சதவீதம் வாட். மாதக் கணக்கும் இங்கே தனி. மார்கழியில் கொதிக்கும், ஆடியில் குளிரும். அதனால் தைக்குக் கல்யாணம் என்றால் பட்டுக்குள் பெண் வெந்துபோவாள், வியர்வையில் ரவிக்கை இன்னும் அரை அங்குலம் இறுகும். இதை எந்தச் சென்னைத் தையல்காரருக்கும் போனில் புரியவைக்க முடியாது.

2023இல் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீடு டர்பனின் இன்னொரு பகுதியான பீனிக்ஸில். கூறை சென்னையில் எடுத்தது, அரக்கு நிற உடல், மயில்கழுத்துக் கரை. மாப்பிள்ளையின் அம்மா நல்ல மனுஷி. பெண்ணுக்கு அலைச்சல் வேண்டாம் என்று, துணியை வெட்டி அனுப்பாமல் அங்கேயே ரவிக்கையும் தைத்து வாங்கிவிட்டார். அளவு வாட்ஸ்அப்பில் போனது. நலங்குக்கு முந்தின நாள் சாயங்காலம் ரவிக்கை கைக்கு வந்தது. பெண் போட்டுப் பார்த்தாள். முதுகில் ஐந்து கொக்கி. மேலே உள்ளது மட்டும் மாட்டியது. மற்றதெல்லாம் ஒன்றரை அங்குலம் விலகி நின்றன.

“அக்கா” என்று என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தமிழில் உறவுமுறைகளும் சாப்பாட்டுப் பெயர்களும்தான் தெரியும்; அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது.

எங்கே தவறியது என்று பிறகு யோசித்துக் கண்டுபிடித்தோம். இங்கே எடுத்தது உடம்பு அளவு, டேப்பை மேலோடு ஒட்டிப் பிடித்து 36. அங்கே தையல்காரர் பழகியது அளவு ஜாக்கெட். 36 என்றால் தைத்து முடித்த துணியின் சுற்று என்று எடுத்துக்கொண்டு, மூச்சுவிட வேண்டிய இடத்தைச் சேர்க்காமல் வெட்டிவிட்டார். ஒரே எண், இரண்டு ஊரில் இரண்டு பொருள். யாரைத் திட்டுவது?

அடுத்த தெருவில் முப்பது வருடமாகத் தைக்கிற ஓர் அம்மா இருக்கிறார். ரவிக்கையை வாங்கியதும் அவர் முன்பக்க ஆரி வேலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்பக்கம் திருப்பி, பக்கவாட்டுத் தையலில் விரலை ஓட்டி, உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பார்த்தார். அரை அங்குலம்கூடத் தேறவில்லை. பிரித்துத் தளர்த்தினாலும் பட்டில் ஊசி போன தடம் புள்ளி புள்ளியாக நிற்கும், மூடாது. ஒட்டுத்தான் போட வேண்டும் என்றார். ஒட்டுக்கு அதே நிறம் வேறெங்கே கிடைக்கும்? புடவையின் உள்நுனியில், இடுப்பில் முதல் செருகு செருகி உள்ளே மறைந்துபோகும் இடத்தில்தான்.

அந்தப் புடவையோ பீனிக்ஸில், தாம்பாளத்தில் வைக்கத் தயாராக, பூஜை அறையில்.

பெண்ணின் அம்மா போன் செய்யப் பத்து நிமிடம் தயங்கினார். கூறையில் கத்தரி வைக்கக் கேட்பது எப்படி? சகுனம் பார்ப்பார்களே. நான் மனதுக்குள் ஒரு சிட்காமே ஓட்டிப் பார்த்துவிட்டேன். இந்த இடத்தில் விளம்பர இடைவேளை விடலாம். கடைசியில் போன் போனது. மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், “நானே எடுத்துட்டு வர்றேன்” என்றார் அவர்.

எட்டரை மணிக்குக் கார் வந்தது. மின்வெட்டு ஆறாம் கட்டம் வரை போன வருடம் அது; கட்டம் கூடக் கூடக் கரண்ட் இல்லாத நேரமும் கூடும். எங்கள் பகுதிக்குப் பத்து மணிக்குக் கரண்ட் போகும் என்று தையல்கார அம்மா போனில் அட்டவணை பார்த்து வைத்திருந்தார். புடவையை மேசையில் விரித்தார்கள். உள்நுனியில் சாக்குக்கட்டியால் கோடு போட்டாகிவிட்டது, எட்டு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம். கத்தரியை யாரும் எடுக்கவில்லை. பெண்ணின் அம்மா தையல்காரரைப் பார்க்கிறார், தையல்காரர் என்னைப் பார்க்கிறார். மாப்பிள்ளையின் அம்மாதான் கத்தரியை எடுத்தார். வாய்க்குள் முருகா என்று சொன்ன மாதிரி இருந்தது. கோட்டின் மேல் ஒரே சீராக வெட்டிக் கொடுத்துவிட்டு, “டீ இருக்கா?” என்றார்.

ஒட்டை எங்கே வைப்பது என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. முந்தானை முதுகைச் சுற்றி வலது கைக்கு அடியில் வந்து, மார்பைக் கடந்து இடது தோளில் ஏறும். ஆகவே வலப்பக்கம் மூடிவிடும், இடது அக்குளுக்குக் கீழேதான் வெளியே தெரியும். புடவைத் துணியை இடப்பக்கத்துக்கு வைத்து, வலப்பக்கத்துக்கு ஏறக்குறைய அதே நிறத்தில் லைனிங் துணியில் ஒட்டுப் போட்டார் அந்த அம்மா. இடது பக்கம் மெஷினில் முடிந்தது. வலது பக்கம் பாதியில் கரண்ட் போய்விட்டது. மீதியை சார்ஜ் விளக்கில் கையால் தைத்தார். பெண்ணின் அம்மா விளக்கைப் பிடிக்க, மாப்பிள்ளையின் அம்மா ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார்.

கல்யாணத்தன்று தாம்பாளத்தில் கூறை வந்தது, பெரியவர்கள் தொட்டார்கள், பெண் உள்ளே போனாள். ஐந்து கொக்கியும் மாட்டின. பன்னிரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம், எனக்கு அது ஒரு சாதனை. படம் எடுத்தவர், வீடியோ எடுத்தவர், மாப்பிள்ளை, முன்னூறு விருந்தாளிகள், யாரும் ஒன்றும் கண்டுகொள்ளவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் ஆயா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பெண் கும்பிட்டுவிட்டு நகர்ந்ததும் என் காதருகே குனிந்தார்.

“இடது அக்குள்ல ஒட்டு போட்டிருக்கு.”

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். இலையில் பாயசத்தை வழித்துக்கொண்டே சொன்னார்:

“எனக்கு ரெண்டு பக்கமும் போட்டாங்க.”